மறந்துபோன வசனமும் மறக்க முடியாத அண்ணனும்

வாசகர் ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 61. கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமானார். சபையில் 30 ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி ஆசிரியை. சில மாதங்களுக்கு முன் பிள்ளைகளுக்கு வேதாகமத்தின் 103-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர், "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற இடத்தில் நின்றுவிட்டார். அடுத்த வரி வரவே இல்லை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து மீதியைச் சொன்னாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று முதல், வேதவசனம் மறந்துபோவது தேவன் தன்னைவிட்டு விலகுவதன் அடையாளமோ என்ற பயம் அவரைப் பிடித்திருக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 11 ஆண்டுகளுக்கு முன், தாயார் படுக்கையில் இருந்தபோது, அவருடைய அண்ணன் தாயாரிடம் கையெழுத்து வாங்கி வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். எஞ்சியிருக்கும் ஒரு நிலத்திலும் தங்கைக்கு உரிமை இல்லை என்று எழுதிய பத்திரத்தை இப்போது கொண்டுவந்திருக்கிறார். கையெழுத்துப் போடவேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு சிலுவைக் குறி போட்டிருக்கிறதாம். அண்ணனுக்குத் துணையாக வந்த சபை மூப்பர், "மன்னித்துவிட்டேன் என்றால் மறந்துவிட வேண்டும், சகோதரனோடு ஒப்புரவாகாமல் திருவிருந்தில் கைநீட்டக் கூடாது" என்று சொன்னாராம். இயேசுவின் நினைவாகச் சபையில் அப்பமும் ரசமும் பகிரும் அந்தத் திருவிருந்தில் நான்கு மாதமாக இவர் பங்குபெறவில்லை. "நினைக்க வேண்டியது மறந்துபோகிறது, மறக்க வேண்டியது மறக்கமாட்டேன் என்கிறது. நான் இன்னும் கிறிஸ்தவள்தானா? அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் இரண்டாவது கேள்விக்கு ஒரே வரியில் பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். காரணங்களைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். அவசரமில்லாமல் பேசுவதற்கு அந்தப் பேனா மூடியிருப்பது நல்லது.

நான் மனநல ஆலோசகன். சபையில் வளர்ந்தவன் என்பதால் உங்கள் கடிதத்தில் இருக்கும் வசனங்களின் பாரம் எனக்குத் தெரியும். ஆனாலும் போதகர் அல்ல. வேதத்தைப் பற்றி நான் சொல்வதை உங்கள் வேதாகமத்தைத் திறந்து நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். உடல்நலம் பற்றிச் சொல்வதை மருத்துவரிடமும், பத்திரம் பற்றிச் சொல்வதை வழக்கறிஞரிடமும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

வேதம் "நினை" என்று சொல்லும்போது

நினைவில் வைப்பது என்றால் வரிபிசகாமல் ஒப்புவிப்பது என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 30 ஆண்டுகள் மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. வேதத்தில் அந்தச் சொல் நடமாடும் விதமோ வேறு. "தேவன் நோவாவையும், அவனுடனே பேழையிலிருந்த சகல காட்டுமிருகங்களையும், சகல நாட்டுமிருகங்களையும் நினைத்தருளினார்" என்று ஆதியாகமம் 8-ஆம் அதிகாரம் தொடங்குகிறது. அதுவரை தேவனுக்கு நோவா மறந்துபோயிருந்தான் என்று எந்த வாசகரும் பொருள் கொள்வதில்லை. நினைத்தருளினார், உடனே காற்று வீசுகிறது, தண்ணீர் வற்றத் தொடங்குகிறது. பிள்ளையில்லாத அன்னாளை நினைத்தருளினார், அவள் கர்ப்பவதியானாள். எபிரெயத்தில் "ஸாகர்" என்ற அந்த வினை பெரும்பாலும் ஒருவர் பக்கம் முகம் திருப்பி அவருக்காக ஏதோ ஒன்றைச் செய்வதில்தான் முடிகிறது. புதிய ஏற்பாட்டிலும் இப்படியே. தரித்திரரை நினைத்துக்கொள்ளும்படி எருசலேம் சபையின் தூண்களாக எண்ணப்பட்டவர்கள் பவுலைக் கேட்டுக்கொண்டார்கள் என்று கலாத்தியர் 2:10 சொல்கிறது. அதற்குப் பவுல் செய்தது, ஊர் ஊராகச் சபைகளில் அவர்களுக்காகக் காணிக்கை சேர்த்தது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சி மாற்கு 8-இல் இருக்கிறது. படகில் அப்பம் குறைவாக இருக்கிறதென்று சீஷர்கள் கவலைப்படுகிறார்கள். "நினைவுகூராமலுமிருக்கிறீர்களா?" என்று கேட்ட இயேசு, ஐயாயிரம் பேருக்கு அப்பம் பங்கிட்டபோது மீதியை எத்தனை கூடை நிறைய எடுத்தீர்கள் என்கிறார். பன்னிரண்டு என்கிறார்கள். நாலாயிரம் பேருக்குப் பங்கிட்டபோது? ஏழு. இரண்டு பதிலும் சரி. ஞாயிறு பள்ளித் தேர்வு என்றால் முழு மதிப்பெண். அப்படியிருந்தும், "அப்படியானால், நீங்கள் உணராதிருக்கிறது எப்படி?" என்றுதான் அவர் கேட்கிறார். எண் நினைவிருந்தது. தங்களோடு படகில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதுதான் மறந்திருந்தது.

உங்கள் நிலை இதற்கு எதிர்ப்பக்கம். வரி போய்விட்டது, ஆனால் அவர் யார் என்பது போகவில்லை. போயிருந்தால் ஏழு பக்கம் எழுதியிருக்கமாட்டீர்கள். நீங்கள் நின்றுபோன வரியிலிருந்து பன்னிரண்டு வசனம் தள்ளி, அதே சங்கீதத்தில், "நம்முடைய உருவம் இன்னதென்று அவர் அறிவார், நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்று இருக்கிறது. நாம் மறக்கக் கூடியவர்கள் என்பதையும் அவர் நினைவில் வைத்திருக்கிறார் என்று அதைப் படிக்கலாம். ஏசாயா 49-இல் தாயும் தன் பாலகனை மறக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் "நான் உன்னை மறப்பதில்லை" என்ற வார்த்தை வருகிறது. இந்த உறவு உங்கள் நினைவாற்றலின்மேல் நின்றுகொண்டிருப்பதாக வேதம் எங்கும் சொல்லவில்லை. ஞாபகமறதி நோய் முற்றி, பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட மறந்த விசுவாசிகள் எத்தனையோ பேர் உண்டு. அவர்களைத் தேவன் கைவிட்டார் என்று நீங்கள் சொல்லமாட்டீர்கள். உங்களுக்கு மட்டும் ஏன் அந்தச் சட்டம்?

இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்

ஆவிக்குரிய பயம் தீர்ந்துவிட்டால் மறதியை அப்படியே விட்டுவிடலாம் என்று பொருளில்லை. கணவர் போனதிலிருந்து இரவில் தூக்கமில்லை, தூக்க மாத்திரை எடுக்கிறேன், உடல் அரிப்புக்கும் ஒரு மாத்திரை எடுக்கிறேன் என்று நான்காம் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். தூக்கக் குறைவு, துக்கம், மனச்சோர்வு, தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, சில வகைத் தூக்க மாத்திரைகள், அரிப்புக்கும் சளிக்கும் தரும் பழைய வகை மாத்திரைகள் ஆகிய ஒவ்வொன்றும் நினைவைத் தடுமாறச் செய்யும். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. எடுக்கும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், அது வேறு தொந்தரவுகளைக் கொண்டுவரும்.

நன்றாகப் பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் திரும்பக் கேட்பது, எப்போதும் பார்த்துவந்த கணக்கு வழக்கில் குழம்புவது போன்றவை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் முன்னால் ஒரு வரி நின்றுபோவது இந்தப் பட்டியலில் இல்லை. அது எனக்கும் நடக்கிறது. போன மாதம் ஒரு கூட்டத்தில் என் நண்பரை அறிமுகப்படுத்த எழுந்து, அவர் பெயரை அவரிடமே கேட்டேன்.

ஒன்றைக் கவனித்தேன், தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் நின்ற இடத்துக்கு அடுத்த வசனம் "அவர் உன் அக்கிரமங்களையெல்லாம் மன்னித்து" என்று தொடங்குகிறது. பத்திரத்தோடு அண்ணன் வந்துபோன அடுத்த ஞாயிறு அது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு சொல் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கும்போது நாக்கு அதைத் தொடத் தயங்குவதை என் அறையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மன்னித்தவர் மறந்துதான் ஆகவேண்டுமா

மூப்பர் சொன்ன "மன்னித்தால் மறக்க வேண்டும்" என்பது நம் பிரசங்கங்களில் புழங்கும் வாக்கியம். வேதத்தில் அப்படியொரு கட்டளை இல்லை. "அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்" என்று எரேமியா 31-இல் இருப்பதை ஆதாரம் காட்டுவார்கள். எல்லாம் அறிந்த தேவனுக்கு நினைவு அழிந்துபோகும் என்று அதற்குப் பொருள் சொல்ல முடியாது. அதை எடுத்து இனி உங்களுக்கு எதிராக வைக்கமாட்டேன் என்பதே அதன் உறுதி. அன்பு "தீங்கு நினையாது" என்று 1 கொரிந்தியர் 13-இல் வாசிக்கிறோம். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கணக்கு எழுதுகிறவர்களின் சொல். தீங்கைப் பற்றுக்கணக்கில் ஏற்றி, வட்டியோடு வசூலிக்கக் காத்திருக்கமாட்டேன் என்ற அளவுக்குத்தான் அது போகிறது. நடந்தது நடக்கவில்லை என்று சொல்லும்படி அது கேட்கவில்லை.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து 14 முதல் 16 வரை பாருங்கள். கன்னானாகிய அலெக்சந்தர் தனக்கு வெகு தீமை செய்ததைப் பெயர் சொல்லி எழுதுகிறார், அதற்குப் பதிலளிப்பதைக் கர்த்தரிடம் விட்டுவிடுகிறார், "நீயும் அவனைக்குறித்து எச்சரிக்கையாயிரு" என்று தீமோத்தேயுவிடம் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே, விசாரணையில் தன்னைத் தனியே விட்டுப்போனவர்களைப் பற்றி, "அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக" என்கிறார். கைவிடப்பட்டது முழுக்க நினைவிருக்கிறது. அந்த நினைவோடுதான் மன்னிக்கிறார். யோசேப்பும் அப்படித்தான். தன் வருத்தம் யாவையும் மறக்கப்பண்ணினார் என்று மூத்த மகனுக்கு மனாசே என்று பெயர் வைத்தவன், சகோதரர் முன்னால் வந்து நின்றபோது, "நீங்கள் விற்றுப்போட்ட உங்கள் சகோதரன்" என்று நடந்ததைச் சொல்லித்தான் தன்னைத் தெரியப்படுத்தினான். அதற்கு முன் தம்பி பென்யமீன் விஷயத்தில் அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்க்கவும் செய்தான்.

ஆகவே நினைவிருக்கிறது என்பதை வைத்து நீங்கள் மன்னிக்கவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். ஆனால் உங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் இரவும் படுக்கையில் அந்த நாளை ஆரம்பத்திலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன், அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களைத் தயாரிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நினைவில் வைத்திருப்பது வேறு, இப்படித் தினமும் கிளறுவது வேறு. கிளறும்போது காயம் ஆறாது என்பது ஒருபக்கம்; நினைவும் கெட்டுப்போகும் என்பது இன்னொரு பக்கம். ஒவ்வொரு முறை எடுத்துப் பார்க்கும்போதும் அன்றைய கோபம் கொஞ்சம் அதில் ஒட்டிக்கொள்கிறது. உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், "உன் பங்கை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று அண்ணன் அன்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் பக்கத்தில், "உனக்குப் பங்கே கிடையாது" என்று அன்றே முகத்துக்கு நேராகச் சொன்னார் என்று இருக்கிறது. நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று நான் எண்ணவில்லை. 11 ஆண்டு இரவுகள் அந்த வாக்கியத்தைத் தேய்த்திருக்கின்றன.

ஒரு பகல் வேளையில் உட்கார்ந்து, நடந்ததைத் தேதி வாரியாக ஒருமுறை எழுதுங்கள். எது பத்திரத்தில் இருக்கிறது, எது நீங்கள் காதால் கேட்டது, எது பிறர் சொன்னது என்று பிரித்து எழுதுங்கள். எழுதியதை ஓர் உறையில் போட்டு மூடிவையுங்கள். இரவில் அது எழும்பி வரும்போது, "எழுதியாகிவிட்டது, உறையில் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னவுடன் போய்விடாது, சில வாரமாகும். அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவும் வேண்டும். புலம்பலின் மூன்றாம் அதிகாரத்தை எழுதியவர் தன் தவிப்பை "எட்டியும் பிச்சும்" என்று கசப்புக் குறையாமல் சொல்லிவிட்டு, இரண்டு வசனம் தள்ளி, "இதை என் மனதிலே வைத்து, நம்பிக்கை கொண்டிருப்பேன்" என்று வேறொரு நினைவை வலிந்து எடுத்துவைக்கிறார். அந்த வேறொன்று, காலைதோறும் புதிதாயிருக்கும் இரக்கங்கள். கசப்பை இல்லையென்று சொல்லாமலே அவர் அந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்.

அந்தப் பத்திரம்

உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கலாம். எதுவும் செய்யாமல் இருக்கலாம். பொதுவான ஒருவரை வைத்துப் பேசலாம். நீதிமன்றம் போகலாம்.

விட்டுக்கொடுப்பது கிறிஸ்தவருக்குத் தகாதது அல்ல. நிலத்தில் எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று ஆபிராம் தன் சகோதரன் மகன் லோத்துவிடம் சொன்னார். ஆனால் அவர் தன்னுடையது எது என்று தெரிந்து, கட்டாயமில்லாமல் கொடுத்தார். பயத்தில் போடும் கையெழுத்தைக் கொடை என்று சொல்ல முடியாது. மேலும், நினைவு தடுமாறுகிறதோ என்று நீங்களே சந்தேகப்படும் காலத்தில், திரும்பப் பெற முடியாத ஒரு பத்திரத்தில், அதை எழுதிக்கொண்டு வந்தவர் தரப்பு விளக்கத்தை மட்டும் கேட்டுக் கையெழுத்திடக் கூடாது. நகலை வாங்கி, அண்ணனுக்குத் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். நகல் தர மறுத்தால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

எதுவும் செய்யாமல் இருப்பதிலும் ஆபத்து உண்டு. சொத்து உரிமை கோருவதற்குச் சட்டம் காலவரம்பு வைத்திருக்கும். பழைய வீட்டைப் பொறுத்தவரை 11 ஆண்டு என்பது பெரிய இடைவெளி. அந்தக் கதவு இன்னும் திறந்திருக்கிறதா என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல முடியும், அதையும் விரைவில் கேட்க வேண்டும். வழக்கு என்றால் ஆண்டுகள் ஓடும், பணம் போகும், அண்ணன் பிள்ளைகளோடு இருக்கும் உறவும் போகலாம். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைப் பவுல் 1 கொரிந்தியர் 6-இல் கடிந்துகொள்வதை உங்களிடம் நிச்சயம் எடுத்துக்காட்டுவார்கள். காட்டட்டும். அதே பகுதியில், சகோதரருக்கே அநியாயஞ்செய்து நஷ்டப்படுத்துகிறவர்களையும் அவர் விடவில்லை என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். செலொப்பியாத்தின் குமாரத்திகள் தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டு மோசேக்கும் சபையனைத்துக்கும் முன்பாக வந்து நின்றபோது, அவர்கள் பேசுகிறது சரிதான் என்று கர்த்தர் சொன்னதாக எண்ணாகமம் 27 சொல்கிறது. உரிமையைக் கேட்பது பேராசை ஆகிவிடாது.

என் கருத்தைக் கேட்டால், மூன்றாவது வழியில் தொடங்குவேன். வழக்கறிஞரின் கருத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் முன்னிலையில் பேசுங்கள். பத்திரத்தோடு வந்த மூப்பர் அந்த ஒருவராக இருக்க முடியாது. அண்ணனிடம் இப்படிச் சொல்லலாம்: "அண்ணா, உங்கள்மேல் பகை வைத்து நான் இதை நிறுத்தவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரிய வேண்டும். புரிந்த பிறகு பேசுவோம்." இதற்குமேல் அன்று விளக்கம் வேண்டாம்.

திருவிருந்து

மூப்பர் எடுத்துச் சொன்ன வசனம் மத்தேயு 5:23 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மெதுவாக வாசியுங்கள்: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்." காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போகச் சொல்லப்படுகிறவர், எவர்மேல் பிறருக்குக் குறை இருக்கிறதோ அவர். நினைவுகூர வேண்டிய கடமை இங்கே முதலில் உங்கள் அண்ணனுடையது. குறையை மனத்தில் சுமப்பவருக்கான வார்த்தை மாற்கு 11:25-இல் இருக்கிறது: நின்று ஜெபம்பண்ணும்போது, ஒருவன்பேரில் குறை உண்டானால் அவனுக்கு மன்னியுங்கள். அது நீங்களும் தேவனும் மட்டும் இருக்கும் இடத்தில் நடப்பது. அதற்குப் பத்திரமும் சாட்சியும் தேவையில்லை. ஒரே நாளில் முடியாமலும் போகலாம். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள்.

தன்னைச் சோதித்தறியச் சொன்ன பவுலும், சோதித்தறிந்து, "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்" என்றார், விலகக்கடவன் என்று சொல்லவில்லை. திருவிருந்தே "என்னை நினைவுகூரும்படி" என்று கொடுக்கப்பட்டது. தங்கள் மனத்தை நம்ப முடியாதவர்கள் கையிலும் வாயிலும் பெற்று நினைக்கும்படி இயேசு ஏற்படுத்திய அந்த விருந்திலிருந்து, நினைவு மங்குகிறதென்று பயப்படும் ஒருவர் நான்கு மாதம் தள்ளி நிற்பதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் போதகரைத் தனியே பாருங்கள். மூப்பர் சொன்னது சபையின் தீர்மானமா, அவருடைய சொந்தக் கருத்தா என்று நேராகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியில், ஞாயிறு பள்ளியை விட்டுவிடட்டுமா என்று பின்குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். மருத்துவர் பார்த்து முடிக்கும்வரை உதவிக்கு ஒரு இளம் ஆசிரியையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள், வேதாகமத்தைத் திறந்து பார்த்தே வாசியுங்கள். அந்தச் சங்கீதத்தையும் பாதியில் விட்டுவிடாதீர்கள். "மறவாதே" வரை நீங்கள் சொல்லுங்கள், மீதியை அந்த ஒன்பது வயதுக்காரி சொல்லட்டும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே.